பார்லி வைக்கோலில் எழுந்த சுவர்கள்: கொலராடோவில் எங்கள் வீடு கட்டிய அனுபவம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் தெற்கில், சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடரை ஒட்டி விரிந்து கிடக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், கிரெஸ்டோன் என்னும் சிற்றூருக்கு அருகே நானும் என் கணவரும் வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்பி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கிவிடும். ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லை, மழையோ மிகக் குறைவு. பள்ளத்தாக்கின் பெரிய ஊரான அலமோசாவில் மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுச் சராசரி 200 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. பீர் தயாரிப்புக்கான பார்லி இங்கே பெருமளவில் பயிராவதால் அறுவடைக்குப் பிறகு வைக்கோலும் பக்கத்திலேயே கிடைக்கிறது. கடுங்குளிர், வறண்ட காற்று, அருகிலேயே வைக்கோல் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்திருப்பதால்தான் இந்தப் பகுதியில் இத்தகைய வீடுகள் பல இருக்கின்றன. இப்படிக் கட்ட நினைக்கிறவர்களும், இப்படியொரு வீடு நிலைக்குமா என்று ஐயப்படுகிறவர்களும் எங்களிடம் கேட்பவற்றை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

இந்த முறை பிறந்தது நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுப் பகுதியில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறியவர்களுக்கு வீடு கட்ட மரம் கிடைக்கவில்லை. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்புவது அந்தச் சமவெளிகளின் வழக்கம் என்றாலும், மணற்குன்றுப் பகுதியின் மண் அதற்குப் பிடிப்பில்லாமல் உதிர்ந்தது. புல்லையும் வைக்கோலையும் அழுத்திக் கட்டும் இயந்திரங்கள் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்ததால், அந்தக் கட்டுகளையே செங்கல்லுக்குப் பதிலாக அடுக்கிப் பூசிக் குடியேறினார்கள். அங்கே ஆர்தர் என்ற ஊரில் 1928இல் இவ்வாறு கட்டப்பட்ட பில்கிரிம் ஹோலினஸ் தேவாலயம் இன்றும் நிற்கிறது. முடிவெடுப்பதற்கு முன் நாங்கள் அங்கே சென்று சுவரைத் தட்டியும் தடவியும் பார்த்தோம். பூச்சுக்கு உள்ளே இருப்பது வைக்கோல் என்று சொன்னால்தான் தெரியும். பிரான்சின் மோந்தார்ஜி நகரில் 1920ஆம் ஆண்டளவில் எமில் ஃபொய்யெத் என்ற பொறியாளர் மரச்சட்டத்துக்குள் வைக்கோல் கட்டுகளை அடைத்துக் கட்டிய வீடும் நூறாண்டைக் கடந்து நிற்கிறது. வைக்கோல் மக்கிப் போகாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. உலர்ந்த வைக்கோல் மக்காது. ஈரம் தொடர்ந்து தங்கினால்தான் பூஞ்சை பிடித்து மக்கும். இந்த வீடுகள் நூறாண்டு நிற்பதா, சில ஆண்டுகளிலேயே அழுகுவதா என்பதை ஈரம் ஒன்றே முடிவு செய்கிறது. நாங்கள் எடுத்த ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரே உண்மையை வைத்துத்தான் எடுத்தோம்.

கட்டுகளை வாங்குவதிலிருந்தே கவனம் தொடங்க வேண்டும். சுவருக்கு ஏற்றது இரண்டு கயிறு போட்ட சிறிய செவ்வகக் கட்டு. ஏறத்தாழ 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் இருக்கும். இப்போது பெரும்பாலான விவசாயிகள் டிராக்டரால் மட்டுமே தூக்கக்கூடிய பெருங்கட்டுகளுக்கு மாறிவிட்டதால், பழைய சிறு இயந்திரம் வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அறுவடைக்கு முன்பே பேசிவைக்க வேண்டும். அறுவடை இயந்திரம் வைக்கோலைத் துண்டாக்கிச் சிதறவிடாமல் வரிசையாக விடும்படியும், கட்டும் இயந்திரத்தின் இறுக்கத்தைக் கூட்டி வைக்கும்படியும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒரு கட்டுக்குச் சிறிது கூடுதல் விலை தந்து இந்த இரண்டையும் பெற்றோம். அந்தப் பணம் வீணாகவில்லை. அமெரிக்கக் கட்டட விதிகள் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 104 கிலோ உலர் அடர்த்தியைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. மேலே சொன்ன அளவுள்ள கட்டு 15 கிலோவுக்குக் குறையாமல் நிறுத்தால் அது சரியான இறுக்கம் என்று கொள்ளலாம். தராசு இல்லாத இடத்தில் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாலே போதும். நல்ல கட்டு வளையாமல் விறைப்பாக எழும். கயிற்றுக்கு அடியில் விரலை நுழைப்பதே கடினமாக இருக்கும்.

மன்னார்குடிப் பக்கத்தில் வாழ்நாள் முழுவதும் நெல் விவசாயம் செய்த என் அப்பா, கட்டுகள் வந்து இறங்கிய சமயத்தில் எங்களோடு தங்கியிருந்தார். அவர் ஒவ்வொரு வண்டியிலும் சில கட்டுகளைத் தேர்ந்து, நடுவிலிருந்து ஒரு பிடி வைக்கோலை உருவி, முறுக்கி, காதருகே வைத்து ஒடித்து, பிறகு முகர்ந்து பார்ப்பார். காய்ந்த தாள் சட்டென்று ஒடியும். ஈரம் பட்டது துவண்டு வளையும். மழையில் நனைந்து மேலே மட்டும் காய்ந்ததில் புழுங்கல் வாடை இருக்கும். ஒரு வண்டியில் கதிர்கள் கூடுதலாகத் தங்கியிருந்ததைக் கண்டு, “இதுல மணி நிக்குதும்மா, எலி வராம இருக்குமா?” என்று அவர் ஒதுக்கச் சொன்ன கட்டுகளை நாங்கள் கோழிக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டோம். நீண்ட முள்போன்ற கம்பியைக் கட்டின் நடுவரை செலுத்திப் பார்க்கும் ஈரப்பத மானியும் எங்களிடம் இருந்தது. பூச்சு வேலை தொடங்கும்போது ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. எங்கள் கட்டுகள் பெரும்பாலும் 10 விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. மானியின் அளவும் அப்பாவின் கணிப்பும் ஒன்றுக்கொன்று முரண்பட்டதாக எனக்கு நினைவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தீவனப் புல்லைச் சுவருக்குப் பயன்படுத்தக்கூடாது. அதில் இலையும் விதையும் சத்தும் இருப்பதால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது உணவாகிவிடும். தானியம் நீங்கிய வெறுந்தாள்தான் சுவருக்கு உகந்தது.

அறுவடை கோடையின் முடிவில் வருகிறது. கட்டுமானம் அடுத்த கோடையில்தான் நடக்கும். ஆகவே கட்டுகளைக் குளிர்காலம் முழுவதும் காத்தாக வேண்டும். தரையில் நேராக வைத்தால் அடி வரிசை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் மரத்தட்டுகளின் மேல் அடுக்க வேண்டும். தார்ப்பாயைப் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே ஆவி படிந்து மேல் வரிசை நனைந்துவிடும். அதனால் மேலே சரிவாகக் கூரைத் தகடு போட்டு, பக்கங்களைக் காற்றோட்டமாக விடுவதே நல்லது. இயன்றால் ஒரு விவசாயியின் கொட்டகையில் வாடகைக்கு இடம் பிடிப்பது எல்லாவற்றினும் மேல்.

கட்டுகளே கூரையைத் தாங்கும்படி அமைப்பது நெப்ராஸ்கா முறை. தூணும் உத்திரமும் கூரையைத் தாங்க, இடைவெளியில் கட்டுகளை நிரப்புவது மற்றொரு முறை. முதலாவதில் மரம் மிச்சமாகும், அமைப்பும் அழகானது. ஆனால் கூரை ஏறும்வரை சுவர் வானத்தைப் பார்த்தபடி நிற்கும்; பளுவுக்குச் சுவர் அமுங்கி நிலைகொள்ளும்வரை பூச முடியாமல் காத்திருக்கவும் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல்தோறும் மலைமேல் இடியும் மழையும் திரளும் எங்கள் பகுதியில் அந்தத் துணிவு எங்களுக்கு வரவில்லை. தூண் நட்டு, உத்திரம் ஏற்றி, கூரையை முழுவதும் வேய்ந்து முடித்த பிறகே முதல் கட்டை அடித்தளத்தில் வைத்தோம். புதிதாகக் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் இந்த வரிசையைத்தான் நான் வற்புறுத்துவேன். கூரையின் இறவாணம் சுவரைவிட்டு முக்கால் மீட்டராவது வெளியே நீண்டிருப்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

சுவரின் அடிப்பகுதிக்கு நாங்கள் மிகுந்த நேரம் செலவிட்டோம். தரைமட்டத்திலிருந்து கான்கிரீட் அடித்தளத்தை உயர்த்தி, அதன்மேல் ஈரம் ஏறாத காப்பு ஒன்றைப் பூசி, பிறகு சுவரின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டங்களைப் பதித்தோம். இரண்டுக்கும் நடுவே சரளைக்கல் நிரப்பினோம். முதல் வரிசைக் கட்டுகள் இந்தச் சட்டங்களின்மேல்தான் அமர்கின்றன. வீட்டுக்குள் என்றாவது குழாய் உடைந்து தரையில் தண்ணீர் நின்றாலும் அது வைக்கோலைத் தொடாமல் சரளைக்குள் இறங்கிவிடும். வெளிப்பக்கத்தில் 20 செ.மீ. உயரம் பொதுவான குறைந்தபட்ச அளவு. பனி குவிந்து மெல்ல உருகும் இடங்களில் அதைவிடக் கூடுதலாக வைப்பதே அறிவுடைமை.

கட்டு அடுக்கும் வேலைதான் எல்லோருக்கும் பிடித்தது. அக்கம்பக்கத்தார் குடும்பத்தோடு வந்து, ஒரு வார இறுதியிலேயே சுவர்களை மேல் உத்திரத்தைத் தொடும் அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். செங்கல் வரிசையைப் போலவே கீழ்க்கட்டுகளின் மூட்டின்மேல் மேல்கட்டின் நடுப்பகுதி வரவேண்டும். தூணும் ஜன்னலும் குறுக்கிடும் இடங்களில் முழுக்கட்டு பொருந்தாது. அங்கே கட்டைப் பிரித்து அளவாக மறுபடி கட்ட வேண்டியிருக்கும். இதற்கென்று முழங்கையளவு நீளமுள்ள இரும்பு ஊசி இருக்கிறது. கோணி ஊசியைப் பெரிதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படியே இருக்கும். வேண்டிய அளவைக் குறித்து, அந்த இடத்தில் ஊசியின் காதில் இரண்டு புதுக் கயிறுகளைக் கோத்து கட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குத்தி இழுத்து, ஒரு கயிற்றால் வலத் துண்டையும் மற்றதால் இடத் துண்டையும் முழங்காலால் அழுத்தியபடி இறுக்கிக் கட்ட வேண்டும். பழைய கயிற்றுக்கு அருகில் இன்னொரு முறையும் இதையே செய்ய வேண்டும். புதுக் கயிறுகள் நான்கும் இறுகிய பிறகுதான் பழைய கயிறுகளை அறுக்கலாம். முந்தி அறுத்துவிட்டால் கட்டு வெடித்துச் சிதறிப் பயனற்றுப் போகும். இரண்டு கயிறும் ஒரே கோட்டில் கடந்துவிட்டால் இரண்டு துண்டுகளும் சங்கிலிக் கண்ணியாகப் பிணைந்து பிரியாது என்பதால், குத்தும்போதே எந்தக் கயிறு எந்தத் துண்டுக்கு என்று நிறத்தால் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுக்கி முடித்த சுவரைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, துருத்திய இடங்களை மரச்சுத்தியால் தட்டிச் சீராக்கி, மேலோட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் தாள்களைப் புல்வெட்டும் இயந்திரத்தால் மழித்தோம். மூட்டுகளில் உள்ள இடுக்குகளைக் களிமண் கூழில் புரட்டிய வைக்கோலால் திணித்து அடைத்தோம். இந்தக் கட்டத்தில் தரையெங்கும் உதிரி வைக்கோல் முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். வீட்டின் வாழ்நாளிலேயே தீ அபாயம் மிகுந்த நாள்கள் இவைதான். ஒவ்வொரு மாலையும் கூட்டி அள்ளித் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினோம். இரும்பு அறுப்பது, வெல்டிங், புகைபிடித்தல் எதையும் வளாகத்துக்குள் அனுமதிக்கவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்தவுடன் பாயும்படி எப்போதும் நீட்டி வைத்திருந்தோம். பூச்சு முடிந்த பிறகு நிலைமை தலைகீழாகிவிடும். இறுக்கமாக அழுந்திய வைக்கோலுக்குள் எரிவதற்குப் போதிய காற்று கிடையாது. 2006இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வுக்கூடச் சோதனைகளில் களிமண் பூசிய வைக்கோல் சுவர் 1 மணி நேரமும், சிமெண்ட் பூசிய சுவர் 2 மணி நேரமும் தீயைத் தாங்கித் தேறின.

அடுக்குவதைவிடப் பலமடங்கு உழைப்பைக் கேட்டது பூச்சு. சுவர் எழுந்ததும் வீடே முடிந்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்து, பூச்சுக்குப் போதிய நாளையும் பணத்தையும் ஒதுக்காமல் விட்டுவிடுவதை இங்கே பார்க்கிறேன். சிமெண்ட் விரைவாக முடியும், வலிமையாகவும் தெரியும். ஆனால் அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் அதன் வழியே மழைநீர் உள்ளே போகும், உள்ளே போனது வெளியே வர வழியிருக்காது. களிமண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை ஆவியாக வெளியே விடுபவை. அதனால் உட்புறத்துக்குக் களிமண்ணையும் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பையும் தேர்ந்தோம். பிளாஸ்டிக் தாள் எதையும் சுவரின் எந்தப் பக்கத்திலும் ஒட்டவில்லை.

எங்கள் நிலத்து மண்ணையே ஒரு கண்ணாடிச் சாடியில் தண்ணீரோடு குலுக்கி வைத்து, மணலும் வண்டலும் களியும் தனித்தனி அடுக்குகளாகப் படிந்ததைப் பார்த்து விகிதத்தைக் கணித்தோம். அதன்பிறகு ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு மணல் என்று மாற்றி மாற்றிக் கலந்து சுவரின் ஒரு மூலையில் சதுரம் சதுரமாகப் பூசி உலரவிட்டோம். களி மிகுந்தது வெடித்தது. மணல் மிகுந்தது கையால் தடவினாலே உதிர்ந்தது. இடையில் ஒன்று இரண்டுமின்றி நின்றது. முதல் பூச்சு நீர்த்த களிக்கூழ்தான். அதைக் கையாலேயே அள்ளி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்து, தாள்களின் இடைவெளிக்குள் போகச் செய்ய வேண்டும். கூழ் விரற்கடை ஆழமாவது உள்ளே பிடித்தால்தான் அடுத்துவரும் கனமான பூச்சு சுவரோடு ஒன்றாகும். இரண்டாவது பூச்சில் நறுக்கிய வைக்கோலைக் கலந்து காலால் மிதித்துக் குழைத்து, மேடுபள்ளங்களை நிரப்பினோம். தூண், சட்டம் போன்ற மரப்பகுதிகளில் பூச்சு ஒட்டாது. அங்கே தார்க்காகிதமும் அதன்மேல் கம்பிவலையும் அடித்து, வலையை இருபுறமும் வைக்கோலின்மேல் சற்று நீட்டிவிட்டால்தான் பின்னாளில் அந்தக் கோட்டில் வெடிப்பு விழாது.

வெளிப்புறச் சுண்ணாம்புக்கு இந்த ஊர்க் காற்றும் வெயிலும் பகை. வேகமாக உலர்ந்தால் சுண்ணாம்பு இறுகாமல் தூளாகிவிடும் என்பதால், ஈரத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டுப் பல நாள்கள் நீர் தெளித்துக் காத்தோம். ஈரமான பூச்சின்மேல் உறைபனி விழுந்தாலும் அது பாழ். இந்த உயரத்தில் செப்டம்பரிலேயே உறைபனி தொடங்கிவிடும். எனவே பூச்சை ஆகஸ்டுக்குள் முடிப்பதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கித்தான் மற்ற வேலைகளின் நாள்களைக் குறிக்க வேண்டும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் தொடவிடக்கூடாது.

ஜன்னல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வேலை தொடங்குமுன், அருகிலுள்ள பழைய வைக்கோல் வீடு ஒன்றைப் பழுதுபார்க்கச் சுவரைத் திறந்தபோது உடனிருந்து பார்த்தேன். ஜன்னலின் அடிப்பலகை சுவரின் முகத்தோடு முடிந்திருந்தது. பலகைக்கும் பூச்சுக்கும் இடையிலான கோட்டில் ஒவ்வொரு பனி உருகலின்போதும் கொஞ்சம் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பூச்சைப் பெயர்த்ததும் ஜன்னலுக்கு நேர்கீழே வைக்கோல் எருக்குழி மண்ணாகக் கறுத்துக் கையோடு வந்தது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, அதே வரிசையில் இருந்த வைக்கோல் அறுத்த அன்று இருந்த பொன்னிறம் மாறாமல், ஒடித்தால் ஒடியும்படி இருந்தது. அதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே தகட்டால் தட்டம் அமைத்து, அடிப்பலகையை வெளிப்புறம் சரித்து, சுவரைவிட்டு நான்கு விரற்கடை வெளியே நீட்டி, அதன் அடிப்பக்க விளிம்பில் நீர் சொட்டி விழக் காடியும் வெட்டினோம். மழை சாய்ந்தடிக்கும் மேற்குப் பக்கத்தில் ஜன்னலே வைக்கவில்லை.

குளிர்காப்பைப் பொறுத்தவரை மிகைப்படுத்திப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வெப்பம் கடந்துபோவதைச் சுவர் எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் அளவுதான் ஆர்-மதிப்பு; எண் கூடினால் காப்பும் கூடும். தொடக்க காலத்தில் வைக்கோல் சுவருக்கு அது 50 வரை உண்டு என்று சொல்லப்பட்டது. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 1998இல் முழுச் சுவரை வைத்துச் சோதித்தபோது 27.5 கிடைத்தது. இதுவே கண்ணாடி இழை அடைத்த வழக்கமான மரச்சட்டச் சுவரைவிட நல்ல அளவு. மிகைக்குத் தேவையே இல்லை. தெற்கு ஜன்னல்கள் வழியே நுழையும் பகல் வெயிலைக் களிமண் பூச்சும் தரையும் வாங்கி வைத்துக்கொள்வதால், சனவரி இரவிலும் விறகடுப்பை ஒருமுறை மூட்டினாலே விடியும்வரை வீடு தாங்குகிறது. கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று புகும் இடுக்கு இருந்தால் இந்தப் பயன் பாதியாகிவிடும். அந்த இணைப்பைச் சுவரளவுக்கே கவனித்து அடைக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய் எதையும் வைக்கோல் சுவருக்குள் கொண்டுபோகக்கூடாது. சமையலறை, குளியலறைக் குழாய்களை உட்பக்கத் தடுப்புச் சுவர்களில் அமைத்தோம். மின்கம்பிகளைக் கட்டுகளின் மூட்டுகளில் ஆழமாகச் செருகலாம். அலமாரி தொங்கும் இடங்களைப் பூசுவதற்கு முன்பே முடிவுசெய்து மரக்கட்டைகளைப் பதித்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்யலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். காவிரிப் படுகையில் இப்போது இயந்திரம் கட்டுவது பெரும்பாலும் உருளைக் கட்டு; அதைச் சுவராக அடுக்க முடியாது. அங்கே வைக்கோல் மாட்டின் உணவு, உபரிப் பொருள் அன்று. வடகிழக்குப் பருவமழை வாரக்கணக்கில் நீடிப்பதும், காற்றின் ஈரமும், கரையானும் சேர்ந்தால் இந்தச் சுவரைக் காப்பது பெரும்பாடு. மண்ணும் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு நம் கொத்தனார்கள் நன்கறிந்த முறைகள் அந்த மண்ணுக்குப் பொருத்தமானவை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கட்டுகள் மலிவானவை என்பதால் வீடும் மலிவாக முடியும் என்று எண்ணக்கூடாது. அடித்தளம், கூரை, ஜன்னல், குழாய், மின்சாரம் எல்லாம் மற்ற வீடுகளின் விலைதான், பூச்சுக்கு ஆள்கூலி கூடுதல். நாங்கள் மிச்சப்படுத்தியது எங்கள் கையால் செய்த பூச்சு வேலையிலும் ஆண்டுதோறும் விறகுச் செலவிலும்தான். அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட மாதிரி விதித்தொகுப்பில் 2015 பதிப்பு முதல் வைக்கோல் கட்டுமானத்துக்கென்று தனிப் பின்னிணைப்பு இருப்பதால் அனுமதி பெறுவது முன்பைவிட எளிது. அதை அந்தந்த ஊராட்சி ஏற்றிருக்கிறதா என்று வரைபடம் போடுமுன்பே விசாரிக்க வேண்டும். காப்பீடு தரத் தயங்கிய நிறுவனம் ஒன்று தீச்சோதனை அறிக்கையைக் காட்டிய பிறகே மேற்கொண்டு பேசியது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் நிழற்படம் எடுத்து, ஈரப்பத அளவுகளையும் மின்கம்பி போகும் தடங்களையும் குறித்து ஒரு கோப்பாக வைத்திருக்கிறோம். சுவர்களுக்குள் நாலைந்து இடங்களில் ஈரம் அறியும் உணரிகளை விட்டுப் பூசியிருக்கிறோம். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பனி தொடங்குமுன் அவற்றின் அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிவந்து வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்து, மேற்குச் சுவருக்கு மட்டும் ஒரு கை வெள்ளையடிக்கிறோம்.